மீனில்லாத தொட்டி

உள்ளே மெஷின் விசிலடிப்பதை நிறுத்திக் கரகரக்கத் தொடங்கியதும் டோக்கன் அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறாள். கரகரப்பும் நின்று தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டதும், "பதினொண்ணு, எழுந்து வாயக் கழுவிட்டு வாங்க" என்கிறாள். பதினோராம் நம்பர் வாஷ்பேசினிலிருந்து திரும்புவதற்கும் பத்தாம் நம்பர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதற்கும் நூல் பிடித்தாற்போல் சரியாக இருக்கும். பல் டாக்டர் கதவைத் திறந்து "அடுத்து யாரு?" என்று கேட்டு இருபது வருஷமாகிறது. கேட்க அவள் விட்டதில்லை.

ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி. பழைய எக்ஸ்ரே உறைகளைக் கத்தரித்து அவளே டோக்கன் செய்கிறாள். வருகிறவர்களிடம் எந்தப் பல் என்று கேட்க மாட்டாள். "வலி இருக்கறவன் நம்பர் என்னன்னு கேப்பான். வலி இல்லாதவன் டாக்டர் இருக்காரான்னு கேப்பான். ரெண்டாமவன் கடைசில." இதுதான் அவளுடைய மருத்துவ அறிவு. இதுவரை தப்பியதில்லை. கணவர் பஸ் கண்டக்டர். "எங்க வீட்ல ரெண்டு பேரும் சீட்டு கிழிக்கறவங்க. எங்ககிட்ட வச்சுக்காதீங்க" என்பாள், வரிசையில் முந்தப் பார்ப்பவர்களிடம்.

அவள் மேசைக்கு எதிர்ச் சுவரில் முன்பு ஒரு டி.வி. இருந்தது. அது இருந்த மூன்று வருஷமும் அவளுக்குக் காது இல்லாத மாதிரிதான். அதில் ஒரு மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து அடுத்த ஆளை உள்ளே அனுப்பினாள். உள்ளே ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். வந்தவர் இன்னொருவரின் கடைவாயை முழுசாகப் பார்த்துவிட்டு, தன் பல்லே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகு டி.வி. தானாகவே வயசாகிச் செத்தது. சுவரில் நாலு ஓட்டை மிஞ்சியது.

டாக்டர் புதிது வாங்கலாம் என்றார். கனத்த உடம்பு, பொறுமை குறைவு. பல் பிடுங்குவதற்கென்றே பிறந்தவர் என்று ஊசி போடும்போதே தெரிந்துவிடும். "ஜனங்க எதையாவது பாக்கணும்மா. சும்மா உக்காந்தா வலி கூடுது."

"பாக்கட்டும். சத்தம் இல்லாததா வச்சிடலாம்" என்றாள் அவள். "மீன் தொட்டி."

அவள் மனசில் இருந்தது சாதாரணத் தொட்டி இல்லை. அலங்கார மீன் கடைக்காரர் ஒருவர் வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வந்து போனவர். அவர் கடையில் ஒரு கடல் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உப்புத் தண்ணீர்; கடலுக்குள் கிடந்த கல்; கல்லின் மேல் பூ மாதிரி திறந்து மூடும் பிராணிகள். இதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, வடித்த சுத்தமான தண்ணீர் வேண்டும், அதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கடைக்காரர் பயமுறுத்தினார். அவள் பயப்படவில்லை. இடுக்கிகளை ஆவியில் வேகவைப்பதற்காகத் தண்ணீர் வடிக்கும் மெஷின் கிளினிக்கில் தினமும் ஓடுகிறது. மிச்சத் தண்ணீரை இத்தனை வருஷமும் சாக்கடையில் ஊற்றியது அவள்தான்.

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் கெடு வைத்தார். "நாப்பது நாள். நாப்பதாவது நாள் அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு நீந்தணும். இல்லன்னா சொல்லிட்டேன், டி.வி."

"சரி" என்றாள். சைக்கிள் விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது.

பழைய பத்திரிகைகள் கிடந்த முழங்கால் உயர இரும்பு மேசையைக் காலி செய்து, ஒன்றரை முழத் தொட்டியை அதன்மேல் ஏற்றினாள். வாளியில் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டை எடுத்து, சின்னக் குழல் மாதிரி ஒரு கருவியில் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உப்பு கூட. தண்ணீர் சேர்த்தாள். குறைவு. உப்பு சேர்த்தாள். அன்று காலை காத்திருந்த ஏழு பேரும் பல்லை மறந்து அவள் கண்ணை மூடித் திறப்பதையே பார்த்தார்கள். வெள்ளை மணல் பரப்பி, ஐந்து கல் அடுக்கினாள். ஓட்டை ஓட்டையாக, மஞ்சள் பாரித்த கற்கள். டாக்டர் வெளியே வந்து பார்த்தார்.

"அஞ்சும் சொத்தை. பிடுங்கிடலாமா?"

"கைய வச்சுப் பாருங்க" என்றாள் டோக்கன் அக்கா.

பம்பு ஓடத் தொடங்கியது. மீன் வாங்கப் போனாள். கடைக்காரர் மீன் தரவில்லை. "முதல்ல தொட்டி சைக்கிள் ஆகணும்க்கா. ஆறு வாரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் கண்டக்டர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சிரித்தார். "உனக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது. நீ தொட்டிக்குக் கத்துக் குடுக்கப்போறியா?"

அவள் கடைக்காரர் சொன்னதை ஒரு டோக்கனின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து மனப்பாடம் செய்தாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். "ஒரு இறாலப் போட்டு அழுக விடணும். அழுகினா ஒரு விஷம் வரும். அதத் தின்ன ஒரு பூச்சி வரும், கண்ணுக்குத் தெரியாது. அது தின்னுட்டு இன்னொரு விஷத்த விடும். அதத் தின்ன வேற பூச்சி வரும். அந்த ரெண்டாவது பூச்சி சாப்ட்டு முடிச்ச பிறகுதான் மீன்."

"ஆபீஸ்ல ஃபைல் நகர்ற மாதிரி இருக்கே" என்றார் கணக்கு வாத்தியார். பல்செட் அளவு கொடுக்க வாரம் ஒருமுறை வருகிறவர். "ரெண்டு டேபிள் தாண்டணும்."

"அதேதான் சார். நடுவுல யாரும் சிபாரிசு பண்ண முடியாது."

தோலுரித்த ஒற்றை இறாலை வலைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். இப்படியாகக் கிளினிக்கில், வலியோடு வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே, விளக்கு போட்டு, வெள்ளை மணல் பரப்பி, ஒரு இறால் அழுகிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"மீன் எங்கக்கா?"

"வரும். உக்காருங்க."

மனிதர்களைக் காத்திருக்க வைப்பதில் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். தான் காத்திருந்து பழக்கமில்லை என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. தினமும் காலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்குவாள். மஞ்சள் வந்தால் முதல் விஷம் இல்லை. பச்சை வந்தால் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் வந்த பச்சையில் பச்சைக் கிளியை ஒளித்துவைக்கலாம்.

அன்றுதான் லாண்டரிக்காரருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். டாக்டர் அவரிடம், இருபத்துநாலு மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்லியிருந்தார். மரத்துப்போன வாயோடு வெளியே வந்தவர் காதில் கடைசி மூன்று வார்த்தைதான் ஏறியிருந்தது. உப்புத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "இது சும்மா தண்ணி இல்ல, உப்புத் தண்ணி" என்று டோக்கன் அக்காவே மூன்று தடவை அவருக்கு விளக்கியிருக்கிறாள். காகித டம்ளரைத் தொட்டியில் விட்டு மொண்டு, வாயில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு களகளவென்று கொப்புளித்தார்.

அவள் நிமிர்ந்தபோது அவர் துப்புவதற்கு இடம் தேடிக் கொண்டிருந்தார். முகம் தொட்டியின் மேல் குனிந்தது.

"அதுல துப்பாதீங்க!"

பயந்துபோய் விழுங்கிவிட்டார்.

இறால் வலைத் துணிக்குள் மெல்ல ஆடியது.

"டாக்டர்தான் கொவ்வுளிக்கச் சொன்னாரு" என்றார் லாண்டரிக்காரர், பாதி உதட்டால்.

"இதுலயா சொன்னாரு? எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியல. மரத்துவ்வோச்சு."

டாக்டர் அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் லாண்டரிக்காரர் தானாக வந்தார். காயம் ஜோராக ஆறிவிட்டது, அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அவள் தொட்டிக்கு மூடி வாங்கினாள். அப்படியும் அவருடைய கண் அதன்மேலேயே இருந்தது. சட்டை டெலிவரி கொடுக்கும் சாக்கில் தினமும் வந்து, தன்னிடமிருந்து உள்ளே ஏதாவது போய்ச் சேர்ந்து வளர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள் டாக்டர் மதியம் வெளியே போனவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு விரல்நீள மீன். கெடு முடிவதற்குள் தானே தோற்றுப்போக வந்திருக்கிறார் என்று அவருக்கே தோன்றியதாகத் தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டுறலாமா?"

டோக்கன் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையை ஒரு சுற்றுப் பார்த்தாள். போட்டுவிட்டால் டி.வி. பேச்சே முடிந்துவிடும். இரண்டு நாளாவது நீந்தும்.

"இதுக்கு நம்பர் வரல, டாக்டர்."

"ஏம்மா, ஒரே ஒரு மீனும்மா."

"உள்ள இப்ப விஷம். நீங்க அந்தத் தண்ணியில ஒரு நிமிஷம் உக்காருவீங்களா? கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் மீனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி இருபது நிமிஷம் படுத்திருந்தார்.

நாலாவது வாரம் தொட்டி பழுப்பானது. மணல், கல், கண்ணாடி எல்லாவற்றிலும் தேநீர் நிறத்தில் ஒரு படலம். பார்த்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "இத வச்சுக்கிட்டு எங்க பல்லத் தேய்க்கச் சொல்றீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். டோக்கன் அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. இருபது வருஷமாகக் கறை என்றால் சுரண்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பவள். ஆனால் சைக்கிளில் இது வரும், தானாகப் போகும், கலைக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். செய்யவில்லை. இரண்டு நோயாளிக்கு நடுவில் "கூட்டம் எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வருவார். கூட்டத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால், "நான் ஊத்தட்டுமா?" என்பார்.

"உப்பில்லாத தண்ணி. உப்பு ஆவியாகாது. போன தடவ நீங்க உப்புத் தண்ணிய ஊத்தினீங்க."

"ஒரு தடவதாம்மா."

"ஒரு தடவதான் பல்லும் பிடுங்கறோம்."

முப்பத்தி நாலாம் நாள் முதல் விஷம் மஞ்சளாகி, மஞ்சளாகவே நின்றது. இரண்டாம் விஷத்துக்கு வேறு மருந்து, வேறு நிறம். வெளிர்நீலம் வந்தால் மீன் விடலாம். ஊதா கலந்தால் கூடாது. முப்பத்தி ஏழாம் நாள் ஊதா. முப்பத்தி எட்டு, ஊதா. முப்பத்தி ஒன்பது, ஊதாவா நீலமா என்று சண்டை போடலாம் போல ஒரு ஊதா. அன்று அவள் இரண்டு பேருக்கு ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

நாற்பதாம் நாள் காலை டி.வி. மாட்டுகிற ஆள் வந்தார். பல நாள் முன்பே டாக்டர் சொல்லிவைத்து, பிறகு அதை மறந்தும் போயிருந்தார். ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு தட்டைப் பெட்டி. அதன் மேல் கண்ணாடிக் கோப்பைப் படமும் மேல்நோக்கிய அம்பும். பெட்டியை அவள் மேசையில் சாய்த்துவிட்டு, துளை போடும் மெஷினைக் கையில் எடுத்துச் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் தொட்டியின் பம்பு.

"அக்கா, இதக் கழட்டிக்கவா?"

"கூடாது. பம்பு நின்னா செத்துடும்."

அவர் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எதுக்கா சாகும்? உள்ளதான் ஒண்ணுமே இல்லையே."

"பூச்சி இருக்கு!" என்றார்கள் மூன்று பேர் ஒரே குரலில். லாண்டரிக்காரர், கணக்கு வாத்தியார், கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்.

"ரெண்டு வகை" என்று வாத்தியார் சேர்த்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். நாற்பது நாள் ஞாபகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "டெஸ்ட் பண்ணிட்டியாம்மா?"

அவள் குழாயை நீட்டினாள். டாக்டர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தார். செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்தும்போது இப்படித்தான் பிடிப்பார். நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அவர் தினமும் இரண்டு தடவையாவது சொல்கிற வாக்கியம். வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நீலம்."

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். லாண்டரிக்காரர் கைதட்டினார்.

டோக்கன் அக்கா எழுந்து போய்க் குழாயை வாங்கிப் பார்த்தாள். நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலையில் மீன் வந்துவிடும். பெட்டி வந்த வழியே போய்விடும்.

"ஊதா, டாக்டர்."

"நீலம்மா. நான் சொல்றேன்ல?"

"ஊதா இருக்கு. லேசா இருக்கு. இன்னும் மூணு நாலு நாள் ஆகும். மீன் போடக் கூடாது."

"உனக்கு நான் உதவி பண்றேம்மா, புரியலையா?" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. அறைக்கே கேட்டது.

"எனக்குப் புரியுது. மீனுக்குப் புரியாதே."

டாக்டருக்குக் கோபம் வந்தது. தன் வாழ்நாளில் முதன்முறையாக நிறத்தில் பொய் சொல்லி, அதையும் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் யாருக்கும் வரும். "அப்ப சரி. பேச்சு பேச்சுதான். நாப்பது நாள்னு ஒத்துக்கிட்டது நீ. மாட்டுப்பா."

அவள் வாதாடவில்லை. மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். "உள்ளேயிருந்து வயர் இழுத்துத் தரேன். பம்பத் தொடாம மாட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். மாமியாரும் மருமகளும் திரும்பி வரப்போகிறார்கள். இனி ஓய்வு பெறும்வரை, காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே சீவிய பென்சில்.

மாட்டுகிற ஆள் சுவரை அளக்க மண்டியிட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, கல்லுக்குள்ளேர்ந்து யாரோ கைய நீட்றாங்க."

நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன. மூன்றாவது கல்லின் ஓட்டையிலிருந்து நூல் கனத்தில் ஒரு கை, ஓரமெல்லாம் முள்முள்ளாக, வெளியே வந்து மணலைத் தடவியது. பின்னால் இன்னொன்று. கல்லோடு கடலிலிருந்து வந்து, இறாலையும் இரண்டு விஷத்தையும் லாண்டரிக்காரரின் டம்ளரையும் தாண்டி, நாற்பது நாளும் உள்ளேயே உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நட்சத்திரப் பிராணி.

"என்னோடதா இருக்குமோ?" என்றார் லாண்டரிக்காரர்.

"நகருது, ஆனா நீந்தலையே" என்றார் வாத்தியார். "நீந்தணும்னுதானே கண்டிஷன்?"

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றார் டாக்டர். அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். குனிந்தார், போதவில்லை. மண்டியிடப் பார்த்தார், முட்டி விடவில்லை. பாதி மடங்கிய நிலையில், கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டி நாற்காலியைத் தேடினார். நாற்காலி எதுவும் பக்கத்தில் இல்லை. மாட்டுகிற ஆளும் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்திருந்தார்.

டோக்கன் அக்கா மேசையைச் சுற்றி வந்தாள். சாய்த்திருந்த பெட்டியின் மூலையைப் பிடித்துச் சத்தமில்லாமல் தரையில் படுக்கவைத்தாள். அம்பு இப்போது வாசலைக் காட்டியது. செருப்புக் காலால் பெட்டியை மெல்லத் தள்ளி, டாக்டரின் கெண்டைக்கால் வரை கொண்டுவந்தாள்.

"உக்காந்து பாருங்க டாக்டர். முட்டிக்கு நல்லதில்ல."

டாக்டர் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார், முழு கனத்தோடு.

பெட்டிக்குள் மெலிதாக ஏதோ நொறுங்கியது. அதே நொடியில் டோக்கன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பெரிதாக ஒரு முறை இருமினாள். பிறகு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு முறையும் இருமினாள்.